இழுப்பறையில் காத்திருந்த சட்டம்

ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது தலைவர்களின் பெயர்களே நம் கண்ணில் முதலில் படுகின்றன. இன்னார் ஆட்சியில் இன்ன சட்டம் பிறந்தது என்று பாடநூல் கூறுகிறது. மாணவனும் அதையே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறான். அச்சட்டத்தை முதலில் எழுதிப் பார்த்தவர் யார், தலைவரிடம் சென்று அதைச் செய்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் யார், அது நிறைவேறும் வழியில் யார் யார் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்ற வினாக்களை எவரும் எழுப்புவதில்லை.

நம் கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், இவ்வினாக்களை நம் இளைஞர்கள் முன் வைக்க விழைகிறோம். சங்கத்தின் தொடக்க நாட்களில், நம் பிள்ளை பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டினால் அதுவே தெருவுக்கெல்லாம் திருநாள். இன்றோ நம்மவர் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் செயலகத்திலும் அமர்ந்து பணியாற்றுகின்றனர். ஆணையிடும் நாற்காலி நமக்கு எப்போதோ ஒருமுறைதான் கிட்டும். ஆணையிடுபவரின் பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதும் இடமோ அடிக்கடி கிட்டும். அவ்விடத்தில் அமர்ந்தவர் என்ன செய்ய முடியும், எதைச் செய்யத் தவறக்கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. அதனையே ஈண்டு எழுதுகிறோம்.

தீயில் கற்ற பாடம்

பிரான்சஸ் பெர்கின்ஸ் என்னும் அம்மையார் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 1902-இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பசியால் வாடிய குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் கல்லூரி நாட்களிலேயே ஆலைகளை நேரில் சென்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. வறுமை என்பது சோம்பலால் வருவது என்று தம் வீட்டார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், காலை முதல் இரவு வரை உழைத்தும் வறியவராகவே இருக்கும் பெண்களைக் கண்டார். பின்னர் நியூயார்க் நகரில் நுகர்வோர் சங்கத்தின் பணியில் சேர்ந்தார். சமூக ஊழியத்தில் அந்நாளில் புகழ் பெற்றிருந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையாரே அவருக்கு வழிகாட்டி.

1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் மாலை, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்னும் பெண்கள் சட்டை தைக்கும் தொழிற்கூடத்தில் தீப்பற்றியது. அது பத்து மாடிக் கட்டடத்தின் மேல்தளங்களில் இருந்தது. வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணிகள் அத்தளங்களுக்கு எட்டவில்லை. 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். அருகில் ஒரு வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெர்கின்ஸ், மணியோசை கேட்டு ஓடிவந்தார். பெண்கள் சன்னல் விளிம்பில் நின்று ஒருவர்பின் ஒருவராகக் கீழே குதித்து உயிர் துறந்த காட்சியை அவர் தம் கண்ணாலேயே கண்டார்.

அத்தீக்குப் பின் நியூயார்க் மாநிலம் ஆலைகளை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. பெர்கின்ஸ் அதற்காக உழைத்தார். சட்டமன்ற உறுப்பினர்களை ஆலைகளுக்கே அழைத்துச் சென்று, படியையும் கதவையும் எந்திரத்தையும் காணச் செய்தார். கண்ணால் கண்டவன் அவையில் கைதூக்கத் தயங்கமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை.

பாதி ரொட்டியா, வெறுங்கையா?

1912-இல் அவர் ஒரு சோதனைக்கு ஆளானார். ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்னும் மசோதாவை நிறைவேற்ற, அவர் நியூயார்க் சட்டமன்றத்தில் பாடுபட்டு வந்தார். கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் எதிர்ப்பாளர்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். பழங்களையும் காய்கறிகளையும் டின்களில் அடைக்கும் ஆலைகளின் பெண்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று ஒரு திருத்தம் சேர்த்தனர். அப்பெண்களை விட்டுவிட்டு மசோதாவை ஏற்றுக்கொள்ள நுகர்வோர் சங்கம் ஒருபோதும் இணங்காது, ஆகவே மசோதா தானாகவே மடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சங்கத்தின் நிலையும் அதுவே.

கெல்லி அம்மையாரோ அருகில் இல்லை. கேட்டு முடிவு செய்ய நேரமும் இல்லை. பெர்கின்ஸ் தாமே முடிவு செய்தார். விடுபட்டவர்களுக்காகப் பிறகு போராடலாம், கிடைப்பதை இப்போது விடலாகாது என்று எண்ணித் திருத்தத்தோடு மசோதாவை ஏற்றார். டிமொதி சல்லிவன் என்னும் உறுப்பினர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டவர். அவர் திரும்பி ஓடிவந்து வாக்களித்தார். மசோதா நிறைவேறியது. கெல்லியின் கடுஞ்சொல்லுக்கு அஞ்சியிருந்த பெர்கின்சை அவ்வம்மையார் தழுவிக்கொண்டு பாராட்டினார் என்பர்.

வாசகர்கள் இந்த நிகழ்ச்சியை மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம். எல்லோருக்கும் கிடைக்கும்வரை எவருக்கும் வேண்டாம் என்பதா, கிடைத்தவருக்குக் கிடைக்கட்டும், மற்றவருக்குப் பின்னர் பார்ப்போம் என்பதா? பெர்கின்ஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். அவ்வழியில் செல்பவர் தோளில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. விடப்பட்டவர் பெயர்களை அவர் மறத்தலாகாது. இதே வினா 26 ஆண்டுகள் கழித்து நாடு முழுவதற்குமான அளவில் மீண்டும் எழுந்தது.

தலைவரிடம் வைத்த நிபந்தனை

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியூயார்க் ஆளுநரானபோது, 1929-இல் பெர்கின்சை மாநிலத்தின் தொழில் ஆணையராக நியமித்தார். 1932 தேர்தலில் அவர் நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. வங்கிகள் மூடின, ஆலைகள் நின்றன, உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் தவித்தனர். வேலையில் இருந்தவர்க்கும் கூலி நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரூஸ்வெல்ட், பெர்கின்சைத் தம் இல்லத்துக்கு அழைத்துத் தொழிலாளர் துறையின் பொறுப்பை ஏற்குமாறு கேட்டார். அமெரிக்க அமைச்சரவையில் அதுவரை ஒரு பெண்மணி இடம் பெற்றதில்லை. வேறொருவராயின் பெற்ற பேறு போதும் என்று உடனே தலையசைத்திருப்பார். பெர்கின்சோ கையில் ஒரு பட்டியலுடன் சென்றிருந்தார். குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தை உழைப்பு ஒழிப்பு, வேலையற்றோர்க்கு உதவி, முதியோர்க்கு ஓய்வூதியம், விபத்து இழப்பீடு, நோய்க் காப்பீடு ஆகியன அதில் அடங்கியிருந்தன. இவற்றை நிறைவேற்றும் எண்ணம் இல்லையாயின் தம்மை அழைக்க வேண்டாம் என்று அவர் தெளிவாகக் கூறினார். ரூஸ்வெல்ட் இசைந்தார். 1933 மார்ச்சில் பதவியேற்ற பெர்கின்ஸ், 1945 ஜூன் வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார்.

பதவியை ஏற்றபின் கோரிக்கை வைப்பவர் பலர். பதவியை ஏற்பதற்கு முன்பே, எதற்காக ஏற்கிறோம் என்பதைத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லியவர் சிலரே. தலைவர் விரும்புவதைச் சொல்பவர் ஆலோசகர் அல்லர். அவர் வெறும் எதிரொலி. இதனை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறுக்கே நின்ற நீதிமன்றம்

சட்டம் இயற்ற விருப்பம் மட்டும் போதுமானதாக இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மலைபோல் குறுக்கே நின்றது. குழந்தை உழைப்பைத் தடுத்த நடுவண் சட்டத்தை 1918-இல் அது செல்லாதென்றது. தலைநகரில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்த சட்டத்தை 1923-இல் செல்லாதென்றது. குறைந்த கூலிக்கு உழைக்க ஒரு பெண் ஒப்புக்கொண்டால் அது அவளுடைய ஒப்பந்த உரிமை, அதில் அரசு தலையிடலாகாது என்பது அந்நீதிபதிகளின் வாதம். பசித்தவனின் சம்மதத்தை உரிமை என்று பெயரிட்டு அழைத்த விந்தையை என்னென்பது!

ரூஸ்வெல்ட் 1933-இல் கொண்டுவந்த தேசியத் தொழில் மீட்புச் சட்டம், ஒவ்வொரு தொழிலுக்கும் கூலியும் நேரமும் வகுக்க வழி செய்தது. அதனையும் 1935-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

ஆயின் பெர்கின்ஸ் இந்த நாளை எதிர்பார்த்தே இருந்தார். இரண்டு மசோதாக்களை முன்னதாகவே எழுதுவித்துத் தம் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். அச்செய்தியை அவர் ரூஸ்வெல்ட்டிடம் கூறியபோது, தலைவர் வாய்விட்டுச் சிரித்து அவருடைய முன்னெச்சரிக்கையைக் கேலி செய்தார். இச்செய்திகளைப் பெர்கின்ஸ் 1946-இல் தாம் எழுதிய நூலில் பதிவு செய்துள்ளார்.

அவ்விரண்டில் ஒன்று, அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரர்கள் தம் தொழிலாளருக்கு உரிய கூலியும் நேரமும் அளிக்க வேண்டும் என்பது. தன் பணத்தில் வாங்கும் பொருளுக்கு நிபந்தனை விதிக்க அரசுக்கு உரிமை உண்டன்றோ! நீதிமன்றமும் அதை எளிதில் மறுக்க முடியாது. அது 1936-இல் சட்டமாயிற்று. மற்றொன்று நாடு முழுவதற்குமான கூலி, நேரச் சட்டம். அது இன்னும் இழுப்பறையிலேயே காத்திருந்தது.

மூன்று முறை தட்டிய கதவு

1936 தேர்தல் பயணத்தின்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டு நகரில் ஒரு நிகழ்ச்சி. கூட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் கையில் ஒரு சீட்டுடன் ரூஸ்வெல்ட்டை நெருங்க முயன்றாள். காவலர் அவளைப் பின்னுக்குத் தள்ளினார். ரூஸ்வெல்ட் அச்சீட்டை வாங்கி வரச் செய்தார். தையல் ஆலையில் வாரம் 11 டாலர் பெற்றுவந்த தங்கள் 200 பேருடைய கூலி, நான்கு, ஐந்து, ஆறு டாலர் என்று குறைக்கப்பட்டுவிட்டது, ஏதேனும் செய்யுங்கள் என்பது அதன் சாரம். அச்சீட்டின் செய்தியை ரூஸ்வெல்ட்டே பின்னர் எடுத்துரைத்தார்.

தேர்தலில் அவர் பெருவெற்றி பெற்றார். பின்னர்ப் பெர்கின்சிடம், அந்த இழுப்பறை மசோதா என்னவாயிற்று என்று தாமே கேட்டார். 1937 மார்ச் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதி அறைகளைத் துப்புரவு செய்த ஒரு பெண்மணி, தனக்குச் சட்டப்படி வரவேண்டிய கூலி பாக்கியைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நாட்டின் சட்டப் போக்கைத் திருப்பிவிட்ட வழக்கு துடைப்பம் பிடித்த ஒரு பெண்ணின் வழக்கு என்பதை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம்.

மே 24-ஆம் நாள் மசோதா அவைகளுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு முன், குழந்தைகள் நலனுக்கு நெடுங்காலம் உழைத்த கிரேஸ் அபாட் அம்மையார், நீதிமன்றத் தடையைக் கடக்க இம்மசோதா வழி கண்டதாயின் குழந்தைகளையும் இதில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன்படி குழந்தை உழைப்புத் தடையும் சேர்ந்தது.

பிறகு தொடங்கியது போராட்டம். முதலாளிகள் எதிர்த்ததில் வியப்பில்லை. தொழிற்சங்கத் தலைவர்களும் ஐயுற்றனர். குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் ஒன்றை வகுத்தால், நாளடைவில் அதுவே உச்சக் கூலி ஆகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். எல்லாவற்றினும் கடுமையான எதிர்ப்பு தென்மாநிலங்களிலிருந்து வந்தது. அங்கே கூலி குறைவு. அக்குறைவு கறுப்பின மக்களின் முதுகின்மேல் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. கறுப்பினத்தவனுக்கும் வெள்ளையனுக்கும் ஒரே கூலி விதிக்க முடியாது என்று டெக்சாஸ் மாநில உறுப்பினர் மார்ட்டின் டைஸ் அவையிலேயே கூசாமல் பேசினார். சட்டத்தைப் பற்றிய சர்ச்சையின் அடியில் கிடந்த உண்மை அப்போது வெளிப்பட்டது.

செனட் சபை ஜூலை 31-இல் மசோதாவை ஏற்றது. பிரதிநிதிகள் சபையிலோ விதிமுறைக் குழு அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. குழுவின் பிடியிலிருந்து மசோதாவை விடுவிக்க 218 உறுப்பினர்கள் ஒப்பமிட வேண்டும். அரும்பாடுபட்டு டிசம்பரில் அக்கையொப்பங்கள் திரட்டப்பட்டன. எனினும் டிசம்பர் 17-ஆம் நாள் 216-க்கு 198 என்ற வாக்கில் மசோதா குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மாபெரும் வெற்றி பெற்ற தலைவருக்கு அவையில் நேர்ந்த பெருந்தோல்வி அது.

பெர்கின்ஸ் சோர்ந்துவிடவில்லை. நாற்பது பக்கம் இருந்த மசோதாவைத் துறையின் வழக்கறிஞர்கள் பத்துப் பக்க அளவுக்குச் சுருக்கி எழுதினர். 1938 சனவரி இறுதியில் அவர்கள் அதனை ரூஸ்வெல்ட்டிடம் கொண்டுசென்று இசைவு பெற்றனர். மே மாதத் தொடக்கத்தில், இம்மசோதாவை வெளிப்படையாக ஆதரித்த செனட் உறுப்பினர் கிளாட் பெப்பர், புளோரிடாவில் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் வெற்றி பெற்றார். தென்மாநிலத்திலேயே மக்கள் இதை விரும்புகின்றனர் என்று தெரிந்தது. மே 6-ஆம் நாள் விடுவிப்பு மனு வைக்கப்பட்டபோது இரண்டு மணி இருபது நிமிடங்களில் 218 கையொப்பங்களும் நிறைந்தன. மே 24-இல் 314-க்கு 97 என்ற வாக்கில் பிரதிநிதிகள் சபை மசோதாவை நிறைவேற்றியது. 1938 ஜூன் 25-ஆம் நாள் ரூஸ்வெல்ட் ஒப்பமிட, நியாயமான உழைப்பு நெறிச் சட்டம் பிறந்தது.

சட்டம் கொடுத்ததும் விட்டதும்

அச்சட்டம் கொடுத்தவை வருமாறு. முதலாண்டில் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. அடுத்த ஆண்டில் 30 சென்ட். ஏழாண்டு கழிந்தபின் 40 சென்ட். வேலை நேரம் முதலாண்டில் வாரத்துக்கு 44 மணி, இரண்டாம் ஆண்டில் 42, பின்னர் 40. அதற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி. 16 வயதுக்கு உட்பட்டோரை ஆலை வேலையில் அமர்த்தத் தடை. அபாயமான தொழில்களில் 18 வயது வரை தடை. 1941-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இச்சட்டம் செல்லும் என்றது. குழந்தை உழைப்புப் பற்றிய 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அன்றே வீழ்ந்தது.

விட்டது எவரை? உழவுத் தொழிலாளரை விட்டது. 1937-இல் அறிமுகமான மசோதாவிலேயே அவர்களுக்கு இடம் இல்லை. இத்தனைக்கும் அம்மசோதாவுடன் ரூஸ்வெல்ட் அனுப்பிய செய்தியில், நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் போதிய உணவும் உடையும் உறைவிடமும் இன்றி வாடுகின்றனர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உழவிலும் தொழிலிலும் உள்ளவர் என்று கூறியிருந்தார். துன்பத்தைச் சொல்லும்போது உழவர் நினைவுக்கு வந்தனர்; துடைக்கும்போது விடப்பட்டனர். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் தொடர்புடைய வேலைக்கே சட்டம் பொருந்தும் என்றமையால், வீட்டு வேலை செய்வோரும் வெளியே நின்றனர். விளைபொருள்களை விளைந்த இடத்தின் அருகிலேயே டின்களில் அடைப்போரும் விலக்கப்பட்டனர். 1912-இல் விடப்பட்ட அதே தொழில், 1938-இலும் வாசலிலேயே நின்றது!

குழந்தைகளைப் பற்றிய பகுதியிலும் அவ்வாறே. பள்ளி செல்லச் சட்டம் கட்டாயப்படுத்தாத வேளைகளில் குழந்தை வயலில் உழைக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. ஆசிரியர் என்ற முறையில் இவ்வரியைப் படிக்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது. நாம் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நடவுக் காலம் வந்தால் வகுப்பில் பெண் பிள்ளைகளின் வரிசை வெறிச்சோடிக் கிடக்கும். வருகைப் பதிவேட்டில் நாம் இட்ட சிறு குறிகள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை சேற்றில் குனிந்து நின்ற நாளின் கணக்கு அன்றோ!

தென்மாநிலக் கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் பருத்தி வயலிலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் உழைத்தவர்கள். சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற சொல்லே இல்லை. தொழிலின் பெயரைச் சொல்லி விலக்கியபோது, சாதியைச் சொல்லாமலே ஒரு கூட்டத்தை விலக்குவதுபோல் ஆயிற்று. மரம் அறுக்கும் ஆலைகள் போன்ற இடங்களில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர் பயன் பெற்றதும் உண்மையே. ஆயினும் மிகவும் அடியில் இருந்தவர்க்கு அச்சட்டம் எட்டவில்லை.

உழவுத் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்சக் கூலி 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தது. வீட்டுப் பணியாளர்க்கு 1974-இல் கிடைத்தது. முன்னவர் 28 ஆண்டுகளும் பின்னவர் 36 ஆண்டுகளும் காத்திருந்தனர். பெர்கின்ஸ் 1965-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் மறைந்தார். உழவர்க்கு அக்கதவு திறந்ததை அவர் காணவில்லை.

இதைக் கொண்டு அவ்வம்மையாரைக் குறை கூறுவது எளிது. அது நம் நோக்கமன்று. அவர் கிடைப்பதை மறுத்திருந்தால் ஆலைத் தொழிலாளர்க்கும் ஒன்றும் கிடைத்திராது. கூர்ந்து நோக்கவேண்டியது யாதெனில், பேரம் நடந்த அறையில் விடப்பட்டவர்களின் ஆள் ஒருவரும் இல்லை. பருத்தி வயலின் மக்களுக்குத் தென்மாநிலங்களில் வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்தது. எனவே அவர்களை விட்டுவிடுவதால் எவருக்கும் தேர்தலில் தோல்வி நேராது. விடுவதற்கு எளியவர்கள் எவரோ அவர்களே விடப்பட்டனர்.

நம் நாட்டில்

ட்ரையாங்கிள் தீ நிகழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1913-இல், அதே நியூயார்க் நகருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில வந்தார் நம் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவர், 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகம் செய்தார். நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் அது சட்டமாயிற்று. அச்சட்டத்தின் அட்டவணையில் இரண்டாம் பகுதியாக இடம் பெற்றது எது தெரியுமா? உழவுத் தொழில்! அமெரிக்கச் சட்டம் வாசலில் நிறுத்தியவரை நம் நாட்டுச் சட்டம் பெயர் சொல்லி உள்ளே அழைத்தது.

ஆயினும் இதிலும் நாம் மயங்கிவிடலாகாது. உழவுக்கூலியை வகுக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஏட்டில் ஏறிய கூலி களத்துமேட்டுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. வீட்டு வேலை செய்வோர் அம்மூல அட்டவணையில் இல்லை. சில மாநிலங்கள் மிகப் பிற்காலத்திலேயே அவர்களைச் சேர்த்தன. அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதற்காக 2019-இல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. சட்டங்கள் மாறும்போதெல்லாம், யார் உள்ளே, யார் வெளியே என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு படித்தவர்களுடையது.

இங்கே நம் குறை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் தெருவுக்கு மனைப்பட்டா வேண்டி ஒரு மனு எழுதும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏரிக்கரையை ஒட்டி ஒன்பது குடும்பங்கள் குடியிருந்தன. அவர்களிடம் குடும்ப அட்டை இல்லை. அவர்களையும் சேர்த்தால் மனு முழுவதும் தங்கிவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அலுவலர் கூறினார். நாமும் அதையே கூட்டத்தில் எடுத்துரைத்து அவ்வொன்பது பெயர்களையும் நம் கையாலேயே அடித்தோம். மற்றவர்க்குப் பட்டா வந்தது, விருந்தும் நடந்தது. அப்பெயர்கள் எழுதிய தாளை எங்கே வைத்தோம் என்பதே சில மாதங்களில் நமக்கு மறந்துபோயிற்று. அவ்வீடுகளுள் ஒன்றிலிருந்து வந்து நம் பள்ளியில் படித்த மாணவி, சாதிச் சான்றுக்கு முகவரி கேட்டபோது விடை சொல்ல இயலாமல் நின்ற அன்றுதான் நம் தவறு நமக்கு உறைத்தது. பின்னர் மீண்டும் மனு எழுதினோம். ஆறு ஆண்டுகள் அலைந்தோம். ஒன்பது குடும்பங்களில் இரண்டு அதற்குள் ஊரை விட்டே போய்விட்டன.

மனுவைச் சுருக்கியது தவறென்று இன்றும் நாம் கருதவில்லை. அத்தாளைத் தொலைத்ததே தவறு.

ஆகவே, நம் இளைஞர்களே! நாளை நீங்கள் ஒரு மாவட்ட அதிகாரிக்கோ ஓர் அமைச்சருக்கோ சங்கத் தலைவருக்கோ பக்கத்தில் அமர்ந்து குறிப்பு எழுதும் நிலை வரலாம். வாய்ப்பு வருவதற்கு முன்பே வேண்டியதை எழுதி வையுங்கள். வந்தபின் எழுதத் தொடங்கினால் நேரம் இராது. பெர்கின்சின் இழுப்பறை நமக்குச் சொல்வது அது. தலைவர் கேட்க விரும்பாததையும் பணிவோடு, ஆனால் தயங்காமல் சொல்லுங்கள். சில வேளை பாதியை ஏற்க நேரும், ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றே, அதே மேசையில் அமர்ந்து, விடப்பட்டவர் பெயர்களை வேறொரு தாளில் எழுதி, அதே இழுப்பறையில் வையுங்கள்.

நம் சங்கத்தின் பொன்விழா மலரை எழுத இருப்பவர்கள் நீங்கள். அன்று அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும்போது எல்லாப் பெயருக்கும் எதிரே ‘கிடைத்தது’ என்று எழுதப்பட்டிருக்குமானால், இந்த 25 ஆண்டுகள் நாம் விளக்கேற்றி வைத்துப் பாடம் சொன்னது வீண்போகவில்லை என்று கொள்வோம்.